எலி வளையானாலும் தரைத்தளத்தில் வேண்டும்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்து, மேடைக்குச் சாய்தளமும் போட்டுக்கொடுத்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசி என் நேரத்தையும் எடுத்துக்கொண்ட பேராசிரியர் ஐயா அவர்களே, பெற்றோர்களே, தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஒன்று வீடு. இரண்டு பராமரிப்பு. மூன்று, பெற்றோர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளின் நிலை.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று என் பாட்டி சொல்லுவாள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதைச் சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். சரி, செய்யட்டும். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஊரோடு சேர்ந்து வாழ நமக்கு உரிமை உண்டு. இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 37ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அரசு வீட்டுவசதித் திட்டங்களில் 5 சதவீதம் நமக்கு என்கிறது. கொடுக்கிற வீடு எந்த மாடியில் என்று மட்டும் அந்தப் பிரிவில் இல்லை!

என் நண்பர் ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். நல்ல வேலை, கையில் முன்பணம், எல்லாம் இருந்தும் வீடு கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் "கூட யார் இருப்பாங்க?" என்றார்கள். இன்னொரு வீட்டில் "மாடிதான் காலி" என்றார்கள். கடைசியில் ஒரு தரைத்தள வீடு அமைந்தது. காற்று, வெளிச்சம், தண்ணீர், குறையே இல்லை. கழிவறைக் கதவு மட்டும் இரண்டடி. நாற்காலியோ இரண்டடிக்கு மேல் ஒரு அங்குலம். வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். யோசித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த நாற்காலியிலேயே கொஞ்சம் சின்ன சைஸ் கிடைக்காதா?"

செலவு என்னுடையது, கதவை மட்டும் அகலப்படுத்திக்கொள்கிறேன் என்றார் நண்பர். அதெல்லாம் வாஸ்து கெட்டுவிடும் என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். நண்பர் சளைக்கவில்லை. "அப்படியானால் வாஸ்துக்காரரையே கேட்டுவிடலாம்" என்றார். அவரும் வந்தார். திசை பார்த்தார், டேப்பைப் பிடித்து அளந்தார், கண்ணை மூடினார். அப்புறம் சொன்னார்: "இரண்டடிக் கதவு இந்த வீட்டுக்கு ஆகவே ஆகாது. மூன்றடி வைத்தால்தான் லட்சுமி தங்குவாள்." மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார், அதுவும் வீட்டுக்காரர் செலவில்! நண்பர் வாஸ்துக்காரரிடம் முன்கூட்டியே என்ன பேசினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறையும் கதவுக்கு 900 மில்லிமீட்டர் என்கிறது, ஏறக்குறைய அதே மூன்றடிதான். அரசு நெறிமுறையைக் காட்டியிருந்தால் அந்தக் கதவு அசைந்திருக்குமா?

இரண்டாவது, பராமரிப்பு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்துபோனார்கள். தப்பித்து ஓட முடியாமல் இறந்தார்கள். காப்பகம் என்றாலே இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய இராமகிருஷ்ணன் ஐயாவே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அந்த மாதிரி இடங்கள் வேண்டும். ஆனால் காப்பகம் ஒன்றுதான் வழி என்று ஆகிவிடக் கூடாது. சென்னையில் 'தி பேன்யன்' அமைப்பு 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒரு திட்டம் நடத்துகிறது. பல ஆண்டுகள் மனநல விடுதியில் கிடந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். உதவிக்கு ஆள் உண்டு. இன்றைக்கு என்ன குழம்பு என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். எலி வளையானாலும் தனி வளை! நம் ஊரில் அப்படி ஒரு வீடு எடுக்கப் போனால் என்ன ஆகும்? மறுபடியும் அந்த இரண்டடிக் கதவில்தான் வந்து முட்டிக்கொள்வோம்.

அதனால்தான் நகர்மன்றத் தலைவர் அவர்களிடம் இந்த மனுவைத் தருகிறேன். இரண்டே கோரிக்கை. நம் ஊரில் அரசு கட்டும் குடியிருப்புகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் வீடு தரைத்தளத்தில் இருக்க வேண்டும். லிஃப்ட் இருக்கிறதே என்ற பதில் வேண்டாம், மின்சாரம் போனால் யார் தூக்கிக்கொண்டு இறங்குவது? இரண்டாவது, வாசல், படுக்கையறை, கழிவறை மூன்றுக்கும் மூன்றடிக் கதவு. கட்டும்போதே வைத்தால் கூடுதல் செலவு கொஞ்சம்தான். இடித்து வைத்தால்தான் கொத்தனாரும் வாஸ்துக்காரரும் தேவைப்படுவார்கள்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை என்று செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். பெற்றோர்கள் மன்னிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் நியமனம் பெறுவதற்கு மட்டுமே தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும். வணிகர் சங்கத் தலைவர் அவர்கள் மண்டபத்தை மறுபடியும் இலவசமாகத் தருவார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மனுவின் நகல் வாசலில் வலதுபக்க மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு யாரும் திரும்பி வருவதில்லை. வணக்கம்.