ஆல்வினுக்கு எந்த இடம்?

நேயர்களுக்கு வணக்கம். மார்மன்கள் என்று பொதுவாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையார் இறுதி நியாயத்தீர்ப்பையும் மறுமையையும் குறித்து நம்புவதை, கோட்பாட்டிலிருந்து அல்லாமல் ஒரு சாவு வீட்டிலிருந்து சொல்லத் தொடங்குகிறேன்.

1823 நவம்பர் 19 அன்று, நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா அருகே ஆல்வின் ஸ்மித் என்ற இளைஞர் 25 வயதில் இறந்தார். பெற்றோருக்காக அவர் கட்டத் தொடங்கிய வீடு முடிந்திருக்கவில்லை. அடக்க ஆராதனையில் பேசிய போதகர், ஆல்வின் சபையில் சேராதவர் என்பதால் நரகத்துக்கே போயிருப்பார் என்று பொருள்படப் பிரசங்கித்ததாக, தம்பிகளில் ஒருவரான வில்லியம் முதுமையில் நினைவுகூர்ந்தார். ஆல்வின் இறந்தபோது இன்னொரு தம்பிக்கு 17 வயது. 1830இல் இச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அவர்தான்.

1832 பிப்ரவரி 16 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஹைரம் என்னும் ஊரில், ஜோசப்பும் அவருடைய நெருங்கிய உதவியாளர் சிட்னி ரிக்டனும் ஒரு தரிசனம் கண்டதாக அறிவித்தார்கள். அதன்படி, உயிர்த்தெழுதலுக்குப் பின் மனிதர்களுக்குச் சொர்க்கம், நரகம் என்ற இரண்டே முடிவுகள் இல்லை. சூரியனுக்கு ஒப்பான சிலஸ்டியல், சந்திரனுக்கு ஒப்பான டெரஸ்ட்ரியல், விண்மீன்களுக்கு ஒப்பான டிலஸ்டியல் என மூன்று மகிமைகளின் ராஜ்யங்கள் உண்டு. பொய்யரும் விபசாரிகளும்கூடத் தங்கள் தண்டனையை அனுபவித்து முடித்தபின் மூன்றாவதை அடைவார்கள். தெளிவாக அறிந்தபின்னும் கடவுளை மறுதலித்து எதிர்க்கும் மிகச் சிலருக்கே என்றென்றைக்குமான நரகமாகிய புறம்பான இருள். நரகத்தின் எல்லையை இவ்வளவு சுருக்கிய இப்போதனை சபைக்குள்ளேயே பலரைத் திகைக்க வைத்தது. பின்னாளில் சபையின் தலைவரான பிரிகாம் யங்கும் அதை ஏற்கச் சிரமப்பட்டவர்களில் ஒருவர்.

ஆனால் ஆல்வினின் இடம் எது? நியாயப்பிரமாணம், அதாவது கடவுளின் சட்டம், இல்லாமல் இறந்தவர்களுக்கு அந்தத் தரிசனம் இரண்டாவது ராஜ்யத்தையே ஒதுக்கியிருந்தது. ஆகவேதான், 1836 ஜனவரி 21 அன்று ஒஹையோவின் கர்ட்லாண்டு ஆலயத்தில் கண்ட மற்றொரு தரிசனத்தில் ஆல்வினை மிக உயர்ந்த ராஜ்யத்திலேயே கண்டபோது, ஞானஸ்நானம் பெறாத அண்ணன் அங்கே எப்படி வந்தார் என்று ஜோசப் வியந்தார். சுவிசேஷத்தை அறியாமல் இறந்தவர்கள், வாழ அனுமதிக்கப்பட்டிருந்தால் அதை ஏற்றிருப்பார்கள் என்றால், அவர்களும் அந்த ராஜ்யத்துக்கு உரியவர்களே என்றும், ஆண்டவர் கிரியைகளோடு இருதயத்தின் விருப்பங்களையும் பார்த்தே நியாயந்தீர்ப்பார் என்றும் பதில் வந்ததாக அவர் பதிவு செய்தார். மார்மன் நியாயத்தீர்ப்புக் கோட்பாட்டின் உயிர் இந்தப் பதிலில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

உடலை விட்ட உயிர் உயிர்த்தெழுதல் வரை ஆவிகளின் உலகில் காத்திருக்கிறது, நீதிமான்கள் அங்கிருந்து மற்றவர்களுக்குப் போதிக்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. கேட்டு மனந்திரும்பும் ஆவிக்கும் ஞானஸ்நானம் வேண்டும். அதற்குத் தண்ணீரும் உடலும் வேண்டும். எனவே உயிரோடிருப்பவர் ஒருவர் வெண்ணிற உடையில், பன்னிரண்டு எருதுகளின் உருவங்கள் தாங்கும் தொட்டியில் இறங்குகிறார். இறந்தவரின் பெயர் சொல்லப்பட, முழுவதுமாக நீரில் அமிழ்த்தி எடுக்கப்படுகிறார். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆவியின் உரிமை என்கிறது சபை. ஆனாலும், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களால் இச்சடங்கு நடந்தது தெரியவந்தபோது யூத அமைப்புகள் கொதித்தெழுந்தன. அப்பெயர்களை நீக்க 1995இல் சபை உடன்பட்டது. யூதர்களாக இருந்ததற்காகவே உயிர் பறிக்கப்பட்டவர்களின் பெயரில் வேறு மதச் சடங்கு செய்வது கண்டு உறவினர்கள் அடைந்த வேதனை முற்றிலும் நியாயமானது.

இச்சடங்கை ஜோசப் முதன்முதலில் வெளிப்படையாகப் போதித்தது 1840 ஆகஸ்டில், இல்லினாய் மாநிலத்தின் நாவூவில், அதுவும் ஓர் அடக்க ஆராதனையில். அப்போது அங்கே ஆலயமும் இல்லை, தொட்டியும் இல்லை. மக்கள் மிசிசிப்பி ஆற்றில் இறங்கினார்கள். ஆல்வினுக்காக நீரில் மூழ்கி எழுந்தவர் அவருடைய தம்பி ஹைரம்.