வாசற்படியில் நின்றுவிடும் கால்கள்

[திரையில்: பாத்ரூம் வாசற்படி. அதன் முன்னால் அசையாமல் நிற்கும் இரண்டு கால்கள்]

எங்கள் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். ஹாலில் இருந்து நன்றாகத்தான் நடந்து வருவார், இந்த வாசற்படிக்கு வந்ததும் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி கால் இரண்டும் அப்படியே நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் சாயும். முதல் தடவை பதறிப்போய் “வாங்கப்பா, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்படி இழுக்கவே கூடாது. கால் வராமல் உடம்பு மட்டும் வந்தால் குப்புற விழ வேண்டியதுதான்.

பார்க்கின்சன் என்றாலே கை நடுக்கம்தான் நமக்கு ஞாபகம் வரும். 1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி எழுதியபோதே ‘நடுக்க வாதம்’ என்றுதான் சொன்னார். ஆனால் நடுக்கமே இல்லாமலும் இது வரும். நடுமூளையில் கருப்பாக ஒரு சின்ன இடம், அங்கே இருக்கிற செல்கள்தான் டோபமைன் என்கிற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நடப்பது, பட்டன் போடுவது, கையெழுத்துப் போடுவது என்று யோசிக்காமலே நாம் செய்கிற வேலைகளுக்கெல்லாம் அது வேண்டும். அந்தச் செல்களில் ஏராளமானவை அழிந்த பிறகுதான் நோய் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. அதற்குப் பல வருடம் முன்பே வாசனை தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக்கொண்டு கை காலை உதறுவது எல்லாம் வந்திருக்கலாம். ஒருநாள் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை, அப்பா அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டினோம். இப்போது நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

சரி, கால் நின்றுவிட்டால்? அவசரப்படுத்தாதீர்கள். நிற்கட்டும், ஒரு மூச்சு இழுத்து விடட்டும், உடம்புப் பாரத்தை இந்தக் கால், அந்தக் கால் என்று மாற்றட்டும். அப்புறம் பக்கத்தில் துணையாக நின்று, தரையில் ஒரு கோட்டைக் காட்டி “இதைத் தாண்டுங்கப்பா” என்று சொல்லிப் பாருங்கள். தானாக வராத நடை, தாண்ட ஒன்று கண்ணில் பட்டதும் பலருக்கு வந்துவிடும். சமதரையில் தவிக்கிறவர் மாடிப்படியைச் சுலபமாக ஏறுவதும் இப்படித்தான். எங்கள் வாசற்படிக்கு முன்னால் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம், நடக்கிற திசைக்குக் குறுக்கே, நான்கு வரி.

அடுத்தது மாத்திரை நேரம், இதில்தான் பல வீடுகளில் அசட்டையாக இருக்கிறோம். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா என்கிற மருந்து மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. பருப்பு, முட்டை, கறியில் இருக்கிற புரதம் அதன் வழியில் போட்டிக்கு நிற்பதால், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடியே போடச் சொல்வார்கள். பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோபா இருக்கிறது, அதனால் டாக்டரிடம் சொல்லாமல் அந்தப் பொடியையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கொடுத்தால் பார்க்கின்சன் மோசமாகும். வேறு எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இந்த இரண்டையும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் ஒரு அட்டை எப்போதும் இருக்கும், அதில் பெரிய எழுத்தில்: காலை 7, 11, மதியம் 3, இரவு 7.