விகுதி யார் வாயில் இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம். ‘ஆணும் பெண்ணும் இயற்கை தந்தது, இதில் சமூகத்துக்கு என்ன வேலை?’ என்று வாசலிலேயே ஒரு நண்பர் மடக்கினார். உடம்பைப் பற்றி மருத்துவர்கள் பேசட்டும். நான் தமிழ் வாத்தியார். விகுதியைப் பற்றி, அதாவது சொல்லின் கடைசியில் ஒட்டும் வாலைப் பற்றிப் பேசுகிறேன்.

‘வந்தேன்.’ சொன்னது ஆணா, பெண்ணா? தெரியாது. ‘வந்தாய்’ என்றாலும் அப்படித்தான். இந்திக்காரர் ‘நான் போகிறேன்’ என்பதையே ஆணென்றால் ‘ஜாத்தா’, பெண்ணென்றால் ‘ஜாத்தீ’ என்று மாற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் என்னைப் பற்றி நான் பேசும்வரை இலக்கணம் பால் கேட்பதில்லை. அடுத்தவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போதுதான் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று ‘ஆன்’, ‘ஆள்’ வந்து ஒட்டுகின்றன.

சரி, அந்த அடுத்தவர் உடம்பை மட்டுமா பார்க்கிறார்? எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அப்பா ‘அவர்’, அப்பாவுக்கு அம்மா ‘அவ’. வயலில் வேலை பார்த்த பெரியவரைப் பத்து வயதில் நான் ‘அவன்’ என்றிருக்கிறேன். வீட்டில் யாரும் திருத்தவில்லை. பலர்பாலான ‘அவர்’ மரியாதைக்காக ஒருவருக்கும் வந்தது. அதில் ஆண், பெண் பிரிவு கிடையாது. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சாதியும் காசும் மீசையும் புகுந்தன. (கடவுளை மட்டும் தாராளமாக ‘அவன்’ என்கிறோம்.)

சரி, பால் திரிந்தவர்களுக்கு (இன்று திருநங்கை, திருநம்பி என்கிறோம்) எந்த விகுதி? இவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளே வரும் என்கிறது தொல்காப்பியம். நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது: பெண்மை விட்டு ஆண்மையை அவாவினால் ஆண்பால், ஆண்மை விட்டு மற்றதை அவாவினால் பெண்பால். ‘அவாவுதல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னதற்கு இது ரொம்பத் தூரமில்லை. ஆனால் அதே நூற்பாவின் கடைசி அடி, இருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர் ‘அது’வுக்கு அங்கேயே இடம் இருக்கிறது.

இவர்களை மரியாதையாகக் குறிக்க 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் சொற்பட்டியலே வந்துவிட்டது. பெயர்ச்சொல்லை அரசு தரலாம், வினைமுற்று நம் வாயில்தானே இருக்கிறது?

போன மாதம் மதுரைப் பேருந்தில் திருநங்கை ஒருவர் ஐம்பது ரூபாயை நீட்டினார். நடத்துநர் வாங்காமல் என்னைப் பார்த்து, “அது எங்க எறங்கணுமாம்?” என்றார். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: “அண்ணே, நான் இங்கதான நிக்கிறேன். என்கிட்ட கேளுங்க.”

நடத்துநர் கொஞ்சம் நிதானித்து, “எங்கம்மா?” என்றார்.

“திருமங்கலம்.”

சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மீதிச் சில்லறையைத்தான் கடைசிவரை தரவில்லை.