‘கொரோனா பிள்ளை’ பையத்தான் பேசுமா?

[காட்சி: வீட்டுத் திண்ணை. ஒரு பாட்டி, எதிரே குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் மருமகள்.]

குரல்: “அது கொரோனா காலத்துப் பிள்ளையாக்கும் மக்ளே, பையத்தான் பேசும்.” குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பிக் காலத்தைக் கோட்டைவிட்ட வீடுகளும் இருக்கின்றன. பெருந்தொற்று கர்ப்பிணியின் உடம்பில் என்ன செய்தது, பெற்றவளை என்ன செய்தது, பிள்ளையை என்ன செய்தது என்று பிரித்துப் பார்த்தால், எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்குப் பொறுக்கவே கூடாது என்பது பிடிபடும்.

[வரைபடம்: கர்ப்பிணியின் நெஞ்சுக்கூடு. கருப்பை வளர வளர உதரவிதானம் மேலேறுகிறது.]

குரல்: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரைதான் உதரவிதானம். நிறைமாதத்தில் அது ஏறத்தாழ 4 செ.மீ. மேலே போய்விடும். மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் காற்றுதான் நம் கையிருப்பு. அது 20 சதவீதம் வரை குறையும். உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனோ சுமார் 20 சதவீதம் கூடும். வரவு குறைந்து செலவு கூடிய வீடு. சாதாரண நாளில் சமாளித்துக்கொள்ளும். நிமோனியா வந்தால் மளமளவென்று சரிந்துவிடும். போதாததற்கு, பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகாமல் இருக்க உடம்பு முன்கூட்டியே ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டி வைத்திருக்கும். கோவிட் அதை இன்னும் கூட்டியது.

இது புதிதல்ல. 1918 இன்ஃபுளூயன்சாவில் அமெரிக்காவில் நோயுற்ற 1,350 கர்ப்பிணிகளைப் பற்றி அடுத்த ஆண்டு வந்த கணக்கில், நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தார்கள். கோவிட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அதே வயதுடைய மற்ற பெண்களைவிடக் கர்ப்பிணிகளுக்குத் தீவிர சிகிச்சையும் செயற்கை சுவாசமும் கூடுதலாகத் தேவைப்பட்டன. குறைமாதப் பிரசவமும் கூடியது. டெல்டா வகை பரவிய 2021இல் நச்சுக்கொடியே சேதமான நிகழ்வுகள் பதிவாயின. நச்சுக்கொடியின் இடுக்குகளில், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற நார் அடைத்துக்கொள்ளும், பிள்ளைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகும். தாய்க்கு லேசான காய்ச்சல்தானே என்று இருந்தபோதும் வயிற்றில் பிள்ளை இறந்தது இப்படித்தான்.

அதனால், 28 வாரத்துக்குப் பிறகு காய்ச்சல் கண்டால் அசைவை எண்ணுங்கள். சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சரிந்து படுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வர வேண்டும். வரவில்லையென்றால் ‘தூங்குதாயிருக்கும்’ என்று விடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

[நெருக்கக் காட்சி: விரலில் ஆக்சிமீட்டர். திரையில் இரண்டு எண்கள்.]

குரல்: இந்தக் கருவி பல வீட்டு அலமாரியில் இன்னும் கிடக்கிறது. பேட்டரியை மாற்றி எடுத்து வையுங்கள். முதலில் நகப்பூச்சை அழிக்க வேண்டும். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு நடுவிரலில் மாட்டுங்கள். முதலில் தெரியும் எண் துள்ளும், அதை எழுதாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். திரையில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. நாடி 98 என்று துடிப்பதை ஆக்சிஜன் 98 என்று படித்து நிம்மதியாக இருந்துவிடக்கூடும். இதய அடையாளம் எதன் பக்கத்தில் இருக்கிறதோ, அது நாடி.

கர்ப்பிணிக்கு ஆக்சிஜன் 95க்குக் கீழே இறங்கக் கூடாது. மற்றவர்களைவிடக் கர்ப்பிணியிடம் ஏன் இந்தக் கறார்? பிள்ளையின் ரத்தம் தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்வது இரண்டுக்கும் இடையிலுள்ள ஆக்சிஜன் அளவு வித்தியாசத்தால். மேட்டு வாய்க்காலில் தண்ணீர் வற்றினால் கடைமடைக்குப் போவது முதலில் நிற்கும். உட்கார்ந்திருக்கையில் எண் சரியாக இருந்தாலும், அறைக்குள் சில நிமிடம் நடந்த பின் 3 புள்ளி இறங்கினால் அதுவும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிதான்.

மல்லாந்து படுக்க வேண்டாம். கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை 20 வாரத்துக்கு மேல் தொடாதீர்கள். பிள்ளையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் வற்றலாம். கபசுரக் குடிநீரை வீட்டில் எல்லாரும் குடிக்கிறார்கள் என்று நீங்களும் குடிக்க வேண்டாம். சித்த மருத்துவரைக் கேளுங்கள். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற பாத்திரத்தின் மேல் பெரிய வயிற்றோடு குனிவது சுட்டுக்கொள்ளத்தான் வழி.

தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலை 2 அன்று. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது ஏப்ரல், மே மாதங்களில். தொடக்க ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காததால் வந்த தாமதம் இது. பாதுகாக்கிறோம் என்று ஒதுக்கி வைத்து, அதிகம் தேவைப்பட்டவர்களுக்குக் கடைசியில் கொடுத்தார்கள். அடுத்த முறை அனுமதி வந்த முதல் வாரத்திலேயே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். தாயின் உடம்பில் உண்டாகும், நோயை எதிர்க்கும் எதிர்ப்புரதம் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும்.

[காட்சி: களியக்காவிளை சோதனைச் சாவடி, சாலைத் தடுப்பு.]

குரல்: தொற்றே வராத கர்ப்பிணிகளும் பாதிக்கப்பட்டார்கள். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. விளவங்கோடு பக்கத்துக் குடும்பங்களுக்குத் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளும் கைக்கெட்டும் தூரம். கேரள எல்லை மூடினால் அந்த வழியே அடைபடும். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் பேருந்து நின்றால் எல்லாமே நின்ற மாதிரி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்கும் மாவட்டம் தாண்டினால் இ-பாஸ் என்ற அரசு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.

இதில் விடுபட்டது ரத்த அழுத்தம் பார்ப்பது. அதுதான் ஆபத்து. கர்ப்பகால ரத்த அழுத்தம் தொடக்கத்தில் வலிக்காது, மயக்கம் வராது. கருவி காட்டினால் உண்டு. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குவது என்று வெளியே தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும், வலிப்பு பக்கத்தில் இருக்கும்.

ஆகவே போக்குவரத்து நிற்கும் காலத்தில் எதைப் போனில் முடிக்கலாம், எதற்கு நேரில் போயே ஆக வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உணவு ஆலோசனை, மாத்திரை விசாரிப்பு, பரிசோதனை முடிவு எல்லாம் போனில் நடக்கும். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், 11 முதல் 14 வாரத்து ஸ்கேன், 18 முதல் 20 வாரத்து ஸ்கேன், 24 முதல் 28 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை, ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிராக 4 வார இடைவெளியில் இரண்டு டிடி ஊசி: இவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி பாருங்கள். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் கிராம சுகாதார செவிலியரை அன்றைக்கே கூப்பிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் தாய் சேய் நல அட்டையின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்துப் போனில் வையுங்கள். எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் உதவும்.

இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவோடு விழுங்காதீர்கள். சாயாவில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கால்சியம் மாத்திரையும் அதே வேளையில் கூடாது.

[காட்சி: தாயின் மார்பில் குறைமாதக் குழந்தை, துணியால் கட்டியிருக்கிறது.]

குரல்: பிரசவம் ஆன பிறகு நடந்த பெரிய பிழை, தாயையும் பிள்ளையையும் பிரித்தது. தொற்று வந்துவிடுமோ என்ற பயத்தில் பல நாடுகளில் செய்தார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இது: எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் மார்போடு வைத்தால் 1,25,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காக்கலாம்; அப்படி வைப்பதால் கோவிட் வந்து இறக்கக்கூடியவர்கள் 2,000க்கும் குறைவு. கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பிரிப்பதில் அர்த்தமில்லை.

வைப்பது இப்படி. பிள்ளைக்கு டயப்பரும் தொப்பியும் மட்டும். இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, தாடையைச் சற்றே உயர்த்தி வையுங்கள். தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சுக்குழல் மடங்கும். கால்கள் தவளை மாதிரி விரிந்திருக்கட்டும். கட்டும் துணியின் மேல்விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே வர வேண்டும். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல். தாய்க்குத் தொற்று இருந்தால் முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம். பாலில் எதிர்ப்புரதம் இருக்கிறது.

குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்னொரு தேதி முக்கியம். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். ஊரடங்கில் இந்த 30 நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. தவறினால் பார்வையே போகலாம். நேரத்துக்குப் பார்த்தால் லேசரில் சரிசெய்யக்கூடியது. பிள்ளைக்கான தடுப்பூசிகள் அப்படியில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

இனித் தாயின் மனசு. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் தூக்கமில்லை, பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ‘நான் இல்லாமல் இருந்தால் நல்லது’ என்று தோன்றுகிறது என்றால் அது நோய். பேறுகாலத்துக்கு வரும் அம்மாவும் சித்தியும் வர முடியாமல், கணவன் வளைகுடாவிலோ தூத்தூர்ப் படகில் ஆழ்கடலிலோ மாட்டிக்கொண்ட வீட்டில் இது கூடத்தான் செய்யும். மாமியார்மாருக்கு ஒன்று: “எங்க காலத்துல நாங்க பெறலியா” என்று சொல்லாதீர்கள். இரவு ஒரு முறை பிள்ளையை வாங்கிக்கொண்டு, அவளைத் தொடர்ந்து 4 மணி நேரம் தூங்க விடுங்கள். 14416இல் டெலி-மனாஸ் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் அன்றே மருத்துவமனை.

[காட்சி: முகக்கவசம் போட்ட முகம், அதைப் பார்க்கும் குழந்தை.]

குரல்: இப்போது பாட்டி சொன்னதற்கு வருவோம். நியூயார்க்கில் 2020இல் பிறந்த 255 பிள்ளைகளை 6 மாதத்தில் பார்த்தார்கள். உடலசைவிலும் பழகுவதிலும் முந்தைய பிள்ளைகளைவிடச் சற்றே பின்தங்கியிருந்தார்கள். தாய்க்குத் தொற்று வந்ததா இல்லையா என்பதால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அயர்லாந்தில் ஒரு வயதில் பார்த்தபோது, பொருளோடு ஒரு சொல்லாவது சொன்னவர்கள் நூற்றுக்கு 77, முன்பு 89. விரல் நீட்டிக் காட்டியவர்கள் 84, முன்பு 93. தவழ்ந்தவர்கள் மட்டும் முன்பைவிடக் கூடுதல். நாள் முழுக்க வீட்டுத் தரையில் கிடந்தால் தவழ்வார்கள். வீட்டுக்கு யாருமே வராதபோது ‘டாட்டா’ யாருக்குக் காட்டுவது?

காரணம் அங்கேதான் இருக்கிறது. பிள்ளை ‘ங்கா’ என்றால் நாம் முகம் மலர்ந்து ‘ங்கா’ என்போம். அது மறுபடி சொல்லும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு முளைக்கிறது. பேசுபவரின் வாய் மறைந்து, வீட்டில் கவலை ஏறி, கையில் போன் வந்தபோது கொடுக்கல் வாங்கல் குறைந்தது. இது மீட்கக்கூடிய குறை. குளிப்பாட்டும்போது பிள்ளையின் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்து, ‘கை எங்க? கால் எங்க?’ என்று கேட்டுவிட்டு ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள். நாமே பதிலும் சொல்லிவிட்டால் அதற்கு முறையே வராது. இரண்டு வயதுவரை போன் திரை வேண்டாம். வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுவது இதில் சேராது.

பொறுக்கக் கூடாதவை இவை. 2 மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு வயதில் விரல் நீட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை. ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை. 2 வயதில் ‘அம்மா வா’ மாதிரி இரு சொல் சேரவில்லை. எந்த வயதிலும், வந்த பேச்சு போய்விட்டது. இதில் ஒன்று இருந்தாலும் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லி, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குச் சீட்டு வாங்குங்கள்.

அங்கே முதலில் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது காது. பிறந்த உடனே செய்யும் கேட்புச் சோதனை ஊரடங்கில் பல பிள்ளைகளுக்கு விடுபட்டிருக்கும். வீட்டில் கைதட்டிப் பார்ப்பது ஏமாற்றும். கை அசைவதைப் பார்த்தோ காற்று பட்டோ பிள்ளை திரும்பிவிடும். மையத்தில் காதுக்குள் சிறு முனையை வைத்து, ஒலி அனுப்பி, உள்காது திருப்பி அனுப்பும் எதிரொலியைக் கருவி பதிவு செய்யும். சில நிமிட வேலை, வலியில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் நல்லது. அதனால் பால் கொடுக்காமல் கூட்டிப்போய், அங்கே கொடுத்துத் தூங்க வையுங்கள்.