பாயா ஆறினால் ஏன் உறைகிறது?

பெரியோர்களே, பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

மதுரையில் நின்றுகொண்டு புரதத்தைப் பற்றிப் பேசினால் ஆட்டுக்கால் பாயாவை விட்டுவிட முடியாது. ராத்திரி மீந்த பாயாவைக் காலையில் பாருங்கள். சட்டியைச் சாய்த்தாலும் ஊற்றாது, கட்டியாக நின்று குலுங்கும். அடுப்பில் வைத்ததும் இளகிவிடும். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் புரத அமைப்பின் நான்கு நிலைகளையும் அதிலேயே பார்க்கலாம்.

ஆட்டுக்காலின் தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றிலும் இருப்பது கொலாஜன் என்ற புரதம். புரதச் சங்கிலியின் மணிகளான அமினோ அமிலங்கள் கோத்திருக்கும் வரிசைதான் முதல்நிலை. கொலாஜன் சங்கிலியில் சுமார் 1,000 அமினோ அமிலங்கள். ஏறக்குறைய முழு நீளத்துக்கும் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். இரண்டாம் நிலையில் சங்கிலி முறுக்கிக்கொள்கிறது. மற்ற புரதங்களில் ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு என்று படித்திருப்பீர்கள். கொலாஜன் அதில் சேராது, இடப்பக்கம் திரும்பும் தனிச் சுருள். சங்கிலி மடிந்து முழு உருவம் பெறும் மூன்றாம் நிலைக்குத் தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் நல்ல உதாரணம். கொலாஜன் நீளமாகவே கிடக்கும். நான்காம் நிலையில்தான் அதன் அழகு. மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறாக வலப்பக்கம் முறுக்கிக்கொள்கின்றன. நடுவில் இடமே இல்லை. இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலமான கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும்.

ஆல்ஃபா சுருளைக் கண்ட அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கே 1951-ல் கொலாஜனுக்குச் சொன்ன வடிவம் சரியாக வரவில்லை. 1954-ல் மூன்று சுருள் வடிவத்தைச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது 31. அவருக்கு நோபல் கிடைக்காதது எனக்குத் தீராத ஆதங்கம்.

சரி, பாயாவுக்கு வருவோம். கொதிக்கும்போது மூன்று புரியும் பிரிந்து ஜெலட்டின் ஆகிறது. சங்கிலி பெரும்பாலும் அறுவதில்லை, முதல்நிலை தங்கிவிடுகிறது. ஆறும்போது சங்கிலிகள் ஆங்காங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு வலையாகின்றன; தண்ணீர் அதில் சிக்கிக்கொள்கிறது. வயது கூடக்கூடப் புரிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடும். முற்றின ஆட்டுக்கால் வேக நேரமாவது அதனால்தான்.

அந்தக் கிளைசின்களில் ஒன்றே ஒன்று வேறு அமினோ அமிலமாகப் பிறவியிலேயே மாறினால் புரி சரியாக முறுக்காது, எலும்பு நொறுங்கும் நோய் வரலாம். எது மாறியது, எங்கே மாறியது என்பதைப் பொறுத்துக் கடுமை கூடும், குறையும். இங்கே ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். லேசாக விழுந்ததற்கே ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப எலும்பு முறிந்தால், வீட்டில் அடித்திருப்பார்கள் என்று முடிவுகட்டும் முன்பு, இந்த நோய் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.