சுவர் இருந்தால்தான் சித்திரம்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகப்படுத்திய இயற்பியல் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விசைகளின் சமநிலை, பொருளைச் சுழற்ற முயலும் திருப்பு விசைகளின் சமநிலை ஆகிய இரண்டையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அசையாமல் நிற்கும் ஒரு பொருளின்மேல் செயல்படும் விசைகளின் தொகுபயன் சுழியம். ஒரு புள்ளியிலிருந்து விசையின் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள தொலைவால் அந்த விசையைப் பெருக்கினால் வருவதே திருப்பு விசை; எந்தப் புள்ளியைப் பொறுத்துக் கணக்கிட்டாலும் திருப்பு விசைகளின் தொகுபயனும் சுழியம். சூத்திரம் இவ்வளவுதான். ஆனால் சுவர் இருந்தால்தான் சித்திரம். இந்தக் கணக்குகளுக்குச் சுவர், பொருளின்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டும் விசைப்படமே.

என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார், இயற்கணிதத்தில் மின்னல். 5 மீட்டர் நீளமும் 200 நியூட்டன் எடையும் கொண்ட சீரான ஏணி, உராய்வற்ற சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து 3 மீட்டர், உச்சி 4 மீட்டர் உயரம். சுவர் ஏணியைத் தள்ளும் விசை என்ன என்று கேட்டேன். படம் வரையாமலே, 133 நியூட்டன் என்றார். "ஐயா, மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்" என்று சாதித்தார். சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்தேன். ஏணியை வரைந்தார், நடுவிலிருந்து எடையின் அம்புக்குறியைக் கீழ்நோக்கி இழுத்தார், அடியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள தொலைவை அளக்கப் போன கை அப்படியே நின்றது. அது 1.5 மீட்டர், அவரோ நடுப்புள்ளியின் உயரமான 2 மீட்டரை எடுத்திருந்தார். சுவரின் விசை கிடைமட்டமானது. ஆகவே அதன் தொலைவு 4 மீட்டர், அவர் எடுத்த 3 அன்று. 200-ஐ 1.5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தபோது 75 நியூட்டன் கிடைத்தது. கரும்பலகையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஏணியின் அடியைச் சுழற்சிப் புள்ளியாகக் கொள்ளலாம் என்பதும் படத்தில்தான் தெரியும். தரையின் செங்குத்து விசையும் உராய்வும் அந்தப் புள்ளி வழியே செல்வதால், அவற்றின் திருப்பு விசை சுழியமாகி, தெரியாதவை இரண்டு ஒரே அடியில் விலகுகின்றன. பிறகு விசைகளைச் சமன்படுத்தினால் உராய்வு 75, தரையின் தாங்குவிசை 200 நியூட்டன் என்று தாமாகவே வந்துவிடுகின்றன.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று மேடைதோறும் சொல்லி வருகிறேன். விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடும்வரை எந்தப் பிள்ளையும் படம் வரையாது. எனவே, இங்கே வந்திருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் பெருமக்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: ஐந்து மதிப்பெண் கணக்கில் இரண்டு மதிப்பெண்களை விசைப்படத்துக்கென்றே ஒதுக்கித் தாருங்கள்.