ஏழு பின் போதும்: 1991 ஃபேர் லேன்ஸ் ஓபனின் கடைசி மூன்று பந்துகள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். அதிலும் முக்கால்வாசி நேரம் கடைசி மூன்று பந்துகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 1991-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம், பால்டிமோர் பக்கம். ஃபேர் லேன்ஸ் ஓபன் என்று ஒரு தொழில்முறை பவுலிங் போட்டி. கிரிக்கெட் பவுலிங் இல்லை, மால்களில் பார்த்திருப்பீர்களே, பத்து பின்களை நிறுத்திப் பந்தை உருட்டிச் சாய்க்கிற ஆட்டம், அது. இறுதி ஆட்டத்தில் டெல் பாலார்ட் ஜூனியரும் பீட் வெபரும் மோதுகிறார்கள். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தில் சஸ்பென்ஸ் வைத்து என்ன ஆகப் போகிறது? வெபர் 213, பாலார்ட் 207.

இந்த ஆட்டத்தின் சில விநாடித் துண்டு ஒன்று இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாலார்ட் ஓடி வருவார், பந்தை விடுவார், பந்து நேராக ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிடும். சிரிப்பு வீடியோக்களோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அந்தத் துண்டு தொடங்குவதே மூன்றாவது பந்தில்தான். அதற்கு முன்னால் அதே மனிதர் போட்ட இரண்டு பந்துகளை வெட்டி எறிந்துவிட்டார்கள். அந்த இரண்டையும் பார்க்காமல் மூன்றாவதைப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

முதலில் இந்த ஆட்டம் டிவிக்கு எப்படி வந்து சேரும் என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் ஏபிசி சேனல் 1962-இல் இருந்து 1997 வரை சனிக்கிழமை மதியங்களில் பவுலிங்கை நேரலையாகக் காட்டியது. பல வருஷம் கிறிஸ் ஷென்கெல் வர்ணனை, பக்கத்தில் போ பர்ட்டன், அவரும் பட்டங்கள் வென்ற வீரர்தான். டிவியில் நாம் பார்ப்பது கடைசி ஐந்து பேரை மட்டும். அந்த ஐந்து இடத்துக்காக வாரம் முழுக்கப் பல டஜன் ஆட்டங்கள் ஆடித் தீர்த்திருப்பார்கள். ஐந்தாம் இடத்துக்காரர் நான்காமவரோடு ஆட வேண்டும், ஜெயித்தவர் மூன்றாமவரோடு, அப்புறம் இரண்டாமவரோடு, கடைசியில் முதலிடத்துக்காரரோடு. ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு ஆட்டம். வாரம் முழுக்கச் சேர்த்த பின்கள் எல்லாம் அங்கே செல்லாது. எனக்கு இந்த ஏற்பாடு நியாயமானது என்று தோன்றியதே இல்லை. ஆனால் டிவிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள் இல்லை. பாலார்ட் டெக்சாஸ்காரர், வலது கை ஆட்டக்காரர். 1987-இல் யு.எஸ். ஓபன் பட்டத்தை வென்றார். முதல் பரிசு 1,00,000 டாலர், தொழில்முறை பவுலிங்கில் அவ்வளவு பெரிய முதல் பரிசு அதுவரை கிடையாது. அந்த இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? இதே பீட் வெபர். 1989-இல் பாலார்ட் டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸையும் தூக்கிக்கொண்டு போனார். ஆக, இவர் அழுத்தம் தாங்காத ஆள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெபர் வேறு ரகம். அப்பா டிக் வெபர் இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று, மரியாதைக்குப் பேர் போனவர். மகன் 17 வயதிலேயே தொழில்முறைக்கு வந்துவிட்டார். பந்தைப் பின்னால் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றுவார். வாய்த் துடுக்கும் கோபமும் ஜாஸ்தி. ஆனால் கை பேசும். சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

பத்தாவது ஃப்ரேம், அதாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்று. வெபர் ஆடி முடித்து 213-இல் உட்கார்ந்திருக்கிறார். பாலார்டுக்கு இன்னும் ஒரு ஃப்ரேம் இருக்கிறது. இங்கே கணக்கு தெரியாமல் மேலே போக முடியாது, அதனால் இந்த போர்டில் எழுதிக் காட்டுகிறேன். ஒரே பந்தில் பத்து பின்னும் விழுந்தால் ஸ்ட்ரைக். அதற்குப் பத்தோடு நிற்காது, அடுத்த இரண்டு பந்துகளில் விழுவதும் சேரும். கடைசி ஃப்ரேமில் ஸ்ட்ரைக் போட்டால் அந்த இரண்டு பந்துகளை அங்கேயே, அதே லேனில், அதாவது பந்து ஓடும் அதே பலகைப் பாதையில், போடச் சொல்வார்கள். பாலார்டுக்குத் தேவை ஒரு ஸ்ட்ரைக், இன்னொரு ஸ்ட்ரைக், அப்புறம் 7 பின். மொத்தம் 214 வரும், ஒரு பின் வித்தியாசத்தில் வெற்றி. மூன்றாவது பந்தில் 6 விழுந்தால் சமன்.

இப்போது முதல் பந்தை யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு பின் நின்றால்கூட ஆட்டம் போச்சு. மிச்சத்தை அடுத்த பந்தில் தள்ளினாலும் கணக்கு எட்டாது. இரண்டாவது பந்துக்கும் அதே நிபந்தனை. வீரர் நிற்கும் கோட்டிலிருந்து முன்னால் நிற்கும் பின் வரைக்கும் 60 அடி. லேனின் அகலம் மூன்றரை அடிகூட இல்லை. வலது கைக்காரரின் பந்து முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் இடையிலுள்ள சந்தில் சரியான கோணத்தில் நுழைய வேண்டும். கச்சிதமான ஸ்ட்ரைக்கில் பந்து தானாகத் தொடுவது நான்கே பின்களைத்தான்: 1, 3, 5, 9. மற்ற ஆறும் வேறு பின்கள் வந்து மோதி விழுபவை. கோணம் ஒரு நூல் பிசகினால் மூலையில் ஒன்று சாயாமல் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கும்.

பாலார்ட் முதல் பந்தைப் போட்டார், பத்தும் விழுந்தன. இரண்டாவதைப் போட்டார், மறுபடியும் பத்து.

இதுதான் அந்தத் துண்டு வீடியோவில் இல்லாத பகுதி. பட்டம் போகிற நிலைமையில், தப்பவே கூடாத இரண்டு பந்துகள், இரண்டிலும் ஒரு பின்கூட மிச்சமில்லை. அந்த நிமிஷத்தில் ஆட்டம் கிட்டத்தட்ட அவர் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஏழு பின் என்பது இந்த மட்டத்து ஆட்டக்காரருக்குக் கணக்கிலேயே வராத விஷயம். முதல் பந்தில் சராசரியாக ஒன்பதுக்கு மேல் சாய்ப்பவர்கள் இவர்கள். குறி தவறிப் போட்டாலே ஏழு, எட்டு விழும்.

மூன்றாவது பந்து. பள்ளத்தில். பூஜ்யம்.

கிரிக்கெட்டில் இரண்டு பந்தில் பதினான்கு ரன் வேண்டும் என்ற இடத்தில் இரண்டு சிக்ஸரும் அடித்துவிட்டு, நோ பால் புண்ணியத்தில் கிடைத்த கூடுதல் பந்தில் ஒரு ரன் ஓடும்போது பிட்ச் நடுவில் சறுக்கி விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒன்று.

எப்படி நடந்தது? ஒரு தொழில்முறை வீரர் பள்ளத்தில் போடுவதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொழுதுபோக்குக்கு ஆடும் நாம் பந்தை நடுவிலே நேராக உருட்டுவோம். அவர்கள் அப்படி ஆடுவதில்லை. பந்துக்குப் பக்கவாட்டுச் சுழல் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருக்கும், அதில் பந்து வழுக்கிக்கொண்டே போகும். எண்ணெய் தீர்ந்த இடத்தில் பிடிப்பு கிடைத்ததும் உள்ளே வளைந்து வந்து பின்களில் மோதும். அந்த வளைவு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்ல கோணம் கிடைக்கும். அதற்காகச் சில லேன்களில் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே பந்தை ஓட்டுவார்கள். பழைய வீடியோக்களைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பந்தின் பாதி உடம்பு பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கும், ஆனால் விழாது. பந்து தரையைத் தொடுவது அடியில் உள்ள ஒரு சின்ன இடத்தில்தான், அது விளிம்புக்கு உள்ளே இருக்கும் வரை பிரச்சினை இல்லை. லேன் முழுக்க 39 பலகைகள், ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஓரத்தில் ஆடுபவருக்கு ஒன்றிரண்டு பலகைதான் தவறுக்கு இடம். விரலிலிருந்து பந்து நழுவும் நேரத்தில் இம்மி மாறினாலும் போச்சு.

ஆனால் இந்த விளக்கம் எனக்கு முழுசாகப் போதவில்லை. இதே லேனில்தானே சற்று முன்பு இரண்டு ஸ்ட்ரைக் போட்டார்? எண்ணெயும் அதே எண்ணெய்தான், தூரமும் அதே தூரம். மாறியது தேவை மட்டும். பத்தும் வேண்டும் என்று இருந்தபோது கைக்கு ஒரே வேலைதான் இருந்தது. ஏழு போதும் என்று ஆனதும் மனசுக்குள் இன்னொரு வேலை நுழைந்துவிட்டது, ஜாக்கிரதையாகப் போடும் வேலை. இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, என் அபிப்பிராயம்தான். இருந்தாலும் பதற்றம் அவரைக் கவிழ்த்தது என்பதை நான் ஏற்க மாட்டேன். பதற்றம் உச்சத்தில் இருந்தது முதல் இரண்டு பந்துகளில். அங்கே அவர் கை நடுங்கவே இல்லை.

இதோடு இன்னொரு ஆட்டத்தைச் சேர்த்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். 1970, ஒஹாயோவின் அக்ரன் நகரம், டூர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ் இறுதி. டான் ஜான்சன் வரிசையாகப் பதினொரு ஸ்ட்ரைக் போட்டுவிட்டார். பன்னிரண்டாவதும் விழுந்தால் 300, முழு மதிப்பெண், அதற்குத் தனியாக 10,000 டாலரும் ஒரு காரும். நல்ல பந்து. மூலையில் பத்தாம் நம்பர் பின் மட்டும் நின்றுவிட்டது. ஜான்சன் அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார். 299. பட்டம் அவருக்குத்தான், எதிரே ஆடிய டிக் ரிட்கர் 268 எடுத்தும் தோற்றார். பாவம் ரிட்கர், அந்த மதிப்பெண்ணுக்கு வேறு எந்த நாளாக இருந்தாலும் கோப்பை கிடைத்திருக்கும். ஜான்சன் போட்டதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை, பின் நின்றது அதிர்ஷ்டக் கணக்கு. அதனாலோ என்னவோ அவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

1991 இன்னொரு விதத்திலும் விசித்திரமான வருஷம். இரண்டு பின் லேனின் இரண்டு கோடி மூலைகளிலும் நிற்கும், 7-10 ஸ்ப்ளிட் என்பார்கள். பவுலிங்கில் அதைவிடக் கொடுமை கிடையாது. டிவி நேரலையில் அதை முதலில் தட்டியவர் மார்க் ராத், 1980-இல். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் யாருக்கும் அமையவில்லை. 1991-இல் ஜான் மாஸா, ஜெஸ் ஸ்டேரூக் என்று இரண்டு பேர் ஒரே வருஷத்தில் தட்டினார்கள். முடியவே முடியாதது இரண்டு தடவை நடந்தது, தவறவே முடியாதது ஒரு தடவை தவறியது.

பாலார்ட் அதோடு ஒடிந்துவிட்டாரா என்றால், இல்லை. 1993-இல் மறுபடியும் யு.எஸ். ஓபனை வென்றார். இறுதியில் எதிரே நின்றது வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியர், இந்த விளையாட்டின் மலைகளில் ஒருவர். மொத்தம் 13 பட்டங்கள், பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேமில் இடம். மனைவி கேரலின் டோரின்-பாலார்டும் பெரிய வீராங்கனை. 2001-இல் ஒரே பருவத்தில் ஏழு பட்டம் வாங்கியவர். அந்த வீட்டில் அலமாரிக்குப் பஞ்சம் வந்திருக்கும்.

வெபரும் அதே 1991-இல் யு.எஸ். ஓபனை வென்றார். அதன் பிறகு இன்னும் இருபது வருஷம் ஓடி, 49 வயதில், 2012 யு.எஸ். ஓபன் இறுதியில் நின்றார். எதிரே மைக் ஃபேகன். இந்த முறை கடைசிப் பந்து வெபர் கையில். அவருக்கு ஏழு போதாது, பத்தும் வேண்டும். போட்டார், பத்தும் விழுந்தன. 215-214, அப்பாவின் நான்கு பட்டங்களைத் தாண்டி ஐந்தாவது. உடனே கூட்டத்தைப் பார்த்து, "நீ யார்னு நினைச்சே? நான்தான்!" என்ற மாதிரி இலக்கணமே பொருந்தாத ஒரு வாக்கியத்தைக் கத்தினார். அதைக் கேட்காத பவுலிங் ரசிகர் இருக்க முடியாது. அந்த ஆட்டத்தைத் தனியாக எடுக்கலாம் என்று இருக்கிறேன், கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடிய கதையெல்லாம் அதில் இருக்கிறது.

அதற்குள் நீங்கள் 1991 ஆட்டத்தைத் தேடிப் பார்ப்பதாக இருந்தால், அந்தச் சின்னத் துண்டை விட்டுவிட்டுப் பத்தாவது ஃப்ரேம் முழுசாக இருக்கும் வீடியோவைப் பாருங்கள். முதல் இரண்டு பந்துகளையும் இரண்டு தடவை பாருங்கள். மூன்றாவதை ஒரு தடவை பார்த்தால் போதும்.